நீலகிரியில் அரசு மருத்துவக் காப்பீடு: நோய் வரும் முன்பே குடும்பத்தைப் பதிவு செய்யுங்கள்

உதகையில் பதிவு, கோவையில் சிகிச்சை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி நீலகிரியில் குடியிருப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். புதிதாகப் பெயர் சேர்க்கும் மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்குகிறது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் இன்றும் நம்மில் பலர் மலையிறங்கிக் கோவைக்குத்தான் போகிறோம். குழந்தையைக் கோவையில் படுக்க வைத்துவிட்டு, காப்பீட்டு எண் வாங்குவதற்காகத் தகப்பன் மட்டும் மேட்டுப்பாளையம் வழியாக மறுபடி மலையேறும் கொடுமை நம் மாவட்டத்தில் நடக்கிறது. அதற்குள் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அன்றைய நாளே போய்விடும். சமவெளியில் இருப்பவர்களுக்கு அரை நாள் அலைச்சலாக முடிகிற வேலை, இங்கே உயிரோடு விளையாடுகிற தாமதமாகிவிடுகிறது. ஆகையால் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். பிழைப்புக்காக மலைக்குப் புதிதாக வந்த குடும்பங்களையும், இதுவரை இந்தத் திட்டத்தின் பக்கமே போகாதவர்களையும் நினைத்து இதை எழுதுகிறேன்.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

இந்தத் திட்டம் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து இப்போதைய பெயரில் நடந்துவருகிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கிறது. இந்தத் தொகை மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான், ஆளுக்கு 5 லட்சம் என்று கணக்குப் போட வேண்டாம். பிரீமியத்தை அரசே கட்டுகிறது.

பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளுக்கும், உள்நோயாளியாகத் தங்கிப் பெறும் சிகிச்சைகளுக்கும், குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கும் காப்பீடு உண்டு. காய்ச்சல், இருமல் என்று புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வருவதற்கு இந்த அட்டை பயன்படாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பில்லைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இது ரொக்கமில்லாத் திட்டம். சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

முதல் வேலை: ஏற்கெனவே இருக்கிறீர்களா என்று பாருங்கள்

பலர் நேரே விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் வீட்டுப் பெட்டியைத் துழாவுங்கள். அப்பா காலத்தில் வாங்கிய பழைய காப்பீட்டு அட்டை இருக்கலாம். அதில் எந்த முதலமைச்சரின் படம் இருந்தாலும் கவலை இல்லை. அட்டையில் அச்சிட்ட எண் இன்னும் செயல்பாட்டில் இருக்கிறதா என்பதே கேள்வி. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்து அட்டை எண்ணையோ குடும்ப அட்டை எண்ணையோ சொல்லிக் கேளுங்கள். திட்டத்தின் இணையதளத்திலும் தேடிப் பார்த்து, மின் அட்டையைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, 2011-ஆம் ஆண்டு சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பின் பட்டியலில் உங்கள் குடும்பம் இருக்கிறதா என்று 14555-இல் கேளுங்கள். இது ஆயுஷ்மான் பாரத் உதவி எண். அந்தப் பட்டியலில் தகுதி பெற்ற குடும்பங்களுக்கு வருமானச் சான்றே தேவையில்லை. நிலமில்லாமல் கூலி வேலை செய்து வாழும் குடும்பங்கள், உழைக்கும் வயதில் ஆண் துணை இல்லாமல் பெண் தலைமையில் நடக்கும் குடும்பங்கள், பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் எனக் கிராமப்புறத்தில் பல வகையினர் அதில் வருகிறார்கள். பண்டைய பழங்குடியினர் தாமாகவே சேர்க்கப்பட்டவர்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் ஆறு பண்டைய பழங்குடிகளும் நம் மாவட்டத்தில் வாழ்வதால், இந்தச் செய்தி நீலகிரியில் மற்ற எங்கேயும்விட அதிகம் தேவைப்படுகிறது. பண்டைய பழங்குடியினருக்காக 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டத்திலும் இவர்களுக்கு ஆயுஷ்மான் அட்டை எடுத்துக் கொடுப்பது ஒரு பணி. பாடி, மந்து, கோக்கால் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும், உங்கள் பழங்குடி ஊரில் முகாம் நடந்தால் ஒருவரும் விடுபட வேண்டாம்.

கூடலூர் பழங்குடிகளுக்குக் காப்பீடு புதிதுமல்ல. அங்கே ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு, ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்களுக்காக 1992-லேயே காப்பீட்டைக் கொண்டுவந்தது. அரசுத் திட்டம் வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் அது நடந்தது என்பதை நான் பெருமையோடு சொல்வேன்.

வருமான வரம்பு

செயல்பாட்டில் உள்ள பழைய அட்டையும் இல்லாமல், 2011 கணக்கெடுப்புப் பட்டியலிலும் இல்லாதவர்களுக்கு வருமானம்தான் அளவுகோல். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022 ஜனவரி வரை இது வெறும் 72 ஆயிரமாக இருந்தது. அந்தக் காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் "நமக்குக் கிடைக்காது" என்று இன்னமும் ஒதுங்கியே இருக்கிறார்கள். மறுபடி விண்ணப்பியுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். ரேஷன் கடையில் உங்களுக்கு எந்த வகை அட்டை என்பது காப்பீட்டுத் தகுதியைத் தீர்மானிப்பதில்லை. அரிசி அட்டையோ சர்க்கரை அட்டையோ, வருமானம் வரம்புக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

கூலிக் குடும்பங்களுக்கு இந்த வரம்பு மிகவும் நெருக்கடியானது. நாள் கூலி 400 ரூபாய், ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் ஒருவர் சம்பாத்தியமே 1,20,000 ஆகிவிடுகிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு, வறுமையில் இருந்துகொண்டே காகிதத்தில் தகுதியை இழக்கிறது. இந்த வரம்பை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை செய்யக்கூடியது, உண்மைக் கணக்கைச் சரியாகப் போடுவது. பனிக்காலத்தில் கொழுந்து குறைந்து வேலை இல்லாமல் இருந்த நாட்களையும், மழைக்கு வீட்டில் இருந்த நாட்களையும் கழித்துவிட்டு, உண்மையில் வேலை செய்த நாட்களை எண்ணுங்கள். சிறு தேயிலை விவசாயி என்றால் தொழிற்சாலை கொடுத்த தொகை முழுவதையும் வருமானமாக எழுதாதீர்கள். உரம், பறிகூலி, கவாத்துச் செலவெல்லாம் போக நிற்பதே வருமானம்.

அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு பெற்றவர்களும் இந்தத் திட்டத்தில் வருகிறார்கள். கட்டட வேலை, தையல், ஆட்டோ ஓட்டுவது, சலவை என்று எந்த வாரியத்தில் இருந்தாலும் அந்த உறுப்பினர் அட்டையை எடுத்துப் போங்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்ற குடும்பங்கள் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் இந்தியக் குடிமக்கள். மற்ற எல்லோரையும் போலப் பொதுவழியில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் உங்கள் பக்கத்தில் இருப்பார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசித்தால், தொழிலாளர் துறையின் சான்றோடு இந்தத் திட்டத்தில் சேர வழி இருக்கிறது. சொந்த ஊரில் எடுத்த ஆயுஷ்மான் அட்டை கையில் இருந்தால் அதையும் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் காட்டலாம்.

ஓட்டல், கடை, தொழிற்சாலைகளில் மாதம் 21 ஆயிரம் ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்கள், சம்பளத்தில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அந்தப் பலனைப் பயன்படுத்துங்கள். அதில் புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும்கூடக் கிடைக்கும்.

குழந்தைகளின் பெயர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். காப்பீட்டில் குடும்பம் என்பது கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் வரை, அல்லது திருமணம் ஆகும் வரை, அல்லது 25 வயது நிறையும் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை பாதுகாப்பு உண்டு. ஆனால் குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும். அங்கேதான் நம் குழந்தைகள் விடுபடுகிறார்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லைன் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கன்வாடிக்கு வந்த பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவின் டாக்டர், மூன்று வயதுப் பெண் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் அதை எடுக்கவே இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, இதயத்தில் ஓட்டை இருக்கலாம், பெரிய மருத்துவமனையில் எக்கோ ஸ்கேன் எடுங்கள் என்றார். தாய் வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னில் இருந்த காகிதங்களைப் பாயில் கொட்டினார். குடும்ப அட்டையில் அப்பா, அம்மா, மூத்த மகன் ஆகிய மூவர்தான். இந்தக் குழந்தை தாயின் ஊரில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. பெயர் இல்லாத சான்றிதழை வைத்து ஆதார் எடுக்க முடியவில்லை. ஆதார் இல்லாமல் குடும்ப அட்டையில் சேர்க்க முடியவில்லை. குடும்ப அட்டையில் இல்லாததால் காப்பீட்டிலும் இல்லை. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, அவள் பெயர் காப்பீட்டுக்குள் வருவதற்குள் ஒரு பருவமழை முடிந்துவிட்டது. காத்திருக்கக்கூடிய ஓட்டை என்பதால் அவளுக்கு அவகாசம் கிடைத்தது. நெருக்கடியோடு பிறக்கும் குழந்தைக்கு அந்த அவகாசம் இருக்காது.

ஆகையால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். கர்ப்பம் உறுதியானவுடன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்பார்கள். குழந்தை பிறந்தவுடன் சான்றிதழில் பெயரை எழுதிவிடுங்கள். சோதிடர் எழுத்துச் சொல்லட்டும், தாத்தா ஊரிலிருந்து வரட்டும் என்று தள்ளிப்போடும் வீடுகளில் அந்த இடம் வருடக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. பிறகு ஆதார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள், பெற்றோரில் ஒருவரின் ஆதார் போதும். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். ஆதார் வந்ததும் இ-சேவை மையத்தில் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க மனுக் கொடுங்கள். கடைசியாகக் காப்பீட்டுப் பதிவு.

அந்த மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வரும். பிறந்ததிலிருந்து 18 வயது வரை பிறவிக் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அவர்கள் வரும் நாளில் குழந்தையை அனுப்பாமல் இருக்காதீர்கள். காது கேளாத குழந்தைக்கு உள்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இந்தக் காப்பீட்டில் உண்டு. ஆனால் அது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குழந்தையை "கொஞ்சம் மெதுவாகத்தான் பேசும்" என்று நான்கு வருடம் விட்டுவிட்டால், அந்தக் கதவு மூடிவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் இந்த ஆறுதலைத் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு வயதிலேயே சோதித்துவிடுங்கள்.

பதிவுக்குப் போகும் நாள்

கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குங்கள். தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கட்டும். அடித்தல் திருத்தல் கூடாது. கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று அந்த அலுவலகத்தின் வாசலைத் தாண்டும் முன் பாருங்கள். இதில் ஒன்று விட்டுப்போனாலும் பந்தலூரிலிருந்து உதகை வரை வந்தவர் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

பெயர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, குடும்ப அட்டையில் வேறு எழுத்து என்று இருந்தால், இன்று கண்ணை மூடிக்கொண்டு பதிவாகிவிடலாம். மருத்துவமனையில் ஒப்புதல் கேட்கும்போது அது தலைதூக்கும். முன்கூட்டியே இ-சேவை மையத்தில் திருத்திவிடுவது நல்லது. ஆதாரோடு செல்பேசி எண்ணையும் இணைத்துவையுங்கள். கொழுந்து பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காமல் போவது நம் ஊரில் சாதாரணம். செல்பேசிக்கு வரும் கடவு எண் அப்போது கைகொடுக்கும்.

குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றின் அசலும் நகலும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போங்கள். புகைப்படம் எடுப்பார்கள் என்பதால், முடிந்தால் குடும்பத்தோடு போவது நல்லது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடப்பதால் நெரிசல் இருக்கும். வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். அதைவிட நல்லது, உங்கள் வட்டத்தில் அரசு முகாம் நடக்கும்போது அங்கேயே பதிவு செய்யும் வசதி இருக்கிறதா என்று கேட்பது. பதிவு முடிந்ததும் கிடைக்கும் எண்ணைக் குடும்ப அட்டையின் நகலில் எழுதிவையுங்கள். செல்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு உறவினருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மருத்துவமனையில்

உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் 700 படுக்கைகள் கொண்ட புதிய வளாகம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. கோவைக்கு ஓடும் முன் அங்கே பார்க்கலாமா என்று கேளுங்கள். "அரசு மருத்துவமனையில் எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு" என்பவர்களுக்கு ஒரு செய்தி. அங்கே நீங்கள் காப்பீட்டு எண்ணைக் கொடுத்தால், சிகிச்சைக்கான தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேர்ந்து, அதன் வளர்ச்சிக்குப் பயன்படுகிறது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை.

தனியார் மருத்துவமனை என்றால் சேருவதற்கு முன் காப்பீட்டுப் பிரிவில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த மருத்துவமனை குறிப்பாக இந்த நோய்க்கு அனுமதி பெற்றதா? இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா? எலும்பு முறிவுக்கு அனுமதி பெற்ற மருத்துவமனைக்கு இதய சிகிச்சைக்கு அனுமதி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒப்புதல் வந்தபின், அதே சிகிச்சைக்குத் தனியாக முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வீடு திரும்பும்போது கையெழுத்துப் போடும் படிவத்தில் எழுதியிருக்கும் தொகையைப் படித்துப் பாருங்கள். அது உங்கள் 5 லட்சத்திலிருந்து கழியும் பணம்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோவையைவிடச் சுல்தான் பத்தேரியும் கோழிக்கோடும் மைசூரும் பழக்கமான ஊர்கள். மாநிலம் தாண்டிச் சிகிச்சை பெறும் வசதி ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு உண்டு. வருமானச் சான்று கொடுத்து மாநிலத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் அதை நம்பி எல்லை தாண்டுவதற்கு முன் 1800 425 3993-இல் கேட்டுவிடுங்கள்.

சாலை விபத்துக்கு மட்டும் தனி வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளி மாநிலத்தவருக்கும்கூட, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்ந்தால் 108-ஐ அழைத்துவிட்டு இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

பணம் கேட்டார்கள், சேர்க்க மறுத்தார்கள், ஒப்புதலைக் காரணம் சொல்லாமல் நிராகரித்தார்கள் என்றால், அதே கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதில் முடியாவிட்டால் ஆட்சியருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். மாவட்டக் குறைதீர்ப்புக் குழு அவர் தலைமையில்தான் இயங்குகிறது. மனுவில் காப்பீட்டு எண், மருத்துவமனையில் சேர்ந்த தேதி, கேட்ட தொகை, கொடுத்திருந்தால் அதற்கான ரசீதின் நகல் ஆகிய நான்கும் இருக்கட்டும்.